காரணம் சொன்ன கணிதர்

கல்லூரியில் பொருளியல் கற்பித்த 34 ஆண்டுகளில் மாணவர்கள் என்னிடம் எத்தனையோ வினாக்களை எழுப்பியதுண்டு. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லாமல் நழுவினேன். பணி ஓய்வு பெற்ற பின்னரும் அந்த வினா என்னை விட்டு அகலவில்லை.

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பு அது. சந்தையில் ஒரு பொருளின் சமநிலை விலையைக் கண்டறியும் பாடம். 39-இலிருந்து விலையின் பத்து மடங்கைக் கழித்தால் கிடைப்பது தேவை. விலையின் வர்க்கமே அளிப்பு. இரண்டும் சமமாகும் விலை எது? கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதி, பள்ளி நாள்களிலிருந்து நாவில் தங்கிவிட்ட சூத்திரத்தில் எண்களை இட்டேன். 'மைனஸ் பி, பிளஸ் ஆர் மைனஸ்' என்று தொடங்கும் அந்தச் சூத்திரத்தை அறியாதவர் நம்மில் குறைவு. 3 என்றும் கழித்தல் 13 என்றும் இரு விடைகள் வந்தன. விலை எதிர்மறையாக இருக்க இயலாது என்பதால், 3 என்பதே சமநிலை விலை என்று முடித்தேன்.

பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தேர்வுக்குச் சூத்திரம் தெரிந்தால் போதும் என்று கூறிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டேன். உண்மை என்னவென்றால், அது எங்கிருந்து வந்தது என்பது அன்று எனக்கும் தெரியாது. அந்த மாணவி அதன் பிறகு என் வகுப்பில் வேறு வினா எதையும் கேட்கவில்லை.

ஓய்வுக்குப் பின் சொத்துரிமையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிப்பது குறித்துத் தேடிக்கொண்டிருந்தபோது, பிரெடரிக் ரோசன் என்பவர் அரபு மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1831-இல் லண்டனில் வெளிவந்த பழைய நூல் ஒன்று கிடைத்தது. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே நான் கரும்பலகையில் எழுதிய அதே கணக்கு இருந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அந்த எண் எது? கணக்கின் அருகே மாணவியின் வினாவுக்கு உரிய விடையும் இருந்தது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவர் முகமது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி.

அவர் பிறந்தது கி.பி. 780-ஆம் ஆண்டையொட்டி என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். பெயரின் கடைசிப் பகுதி, அவரோ அவருடைய முன்னோரோ ஏரல் கடலுக்குத் தெற்கே உள்ள குவாரிஸ்ம் நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதைக் காட்டுகிறது. இன்றைய உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் அந்நிலப்பரப்பைப் பகிர்ந்துகொண்டுள்ளன. அவருடைய தனிவாழ்க்கை குறித்துக் கிடைக்கும் செய்திகள் மிகச் சில. அவர் யாரென்பதை அவருடைய நூல்களிலிருந்தும் அவர் வாழ்ந்த நகரத்திலிருந்துமே அறிய வேண்டியிருக்கிறது.

அந்த நகரம் பாக்தாத். 762-இல் கலீஃபா அல்-மன்சூர் அடித்தளமிட்ட அது, இரண்டு தலைமுறைக்குள் உலகின் மிகப் பெரிய வணிக நகரங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது. காகிதம் செய்யும் தொழில் அங்கு வந்து சேர்ந்திருந்ததால் நூல்கள் பெருகின. கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் ஆகிய மொழிகளின் அறிவுச் செல்வம் அரபு மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. ஞான இல்லம் என்று பொருள்படும் 'பைத் அல்-ஹிக்மா' அம்முயற்சியின் அடையாளமாக விளங்கியது. அல்-குவாரிஸ்மி அங்குதான் பணியாற்றினார்.

அவரை ஆதரித்த கலீஃபா அல்-மாமூன் 813 முதல் 833 வரை ஆட்சி செய்தவர். அவர் அரியணை ஏறியதே ஒரு பாகப்பிரிவினைச் சண்டையின் முடிவில்தான். தந்தை ஹாரூன் அல்-ரஷீத் தம் மகன்களுக்கு இடையே பேரரசின் உரிமைகளை வகுத்து, 802-இல் மக்காவில் ஆவணமாக எழுதிவைத்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் அல்-அமீனும் அல்-மாமூனும் போர்க்களத்தில் மோதினர். தம்பி அல்-அமீன் கொல்லப்பட்டார். முற்றுகையில் பாக்தாத் நகரின் பெரும்பகுதி சிதைந்தது. அந்த அல்-மாமூனின் ஊக்கத்தால், மக்கள் தங்களுக்குள் சொத்தைச் சரியாகப் பிரித்துக்கொள்ள உதவும் கணக்கு நூல் ஒன்று எழுதப்பட்டது என்பதை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

நூலின் முன்னுரையிலேயே அல்-குவாரிஸ்மி தம் நோக்கத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறார். வாரிசுரிமை, உயில், பங்கீடு, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளை எளிமையாகவும் சுருக்கமாகவும் சொல்வதே அந்நோக்கம். நூலின் பெயரில் இரண்டு சொற்கள் இடம்பெற்றுள்ளன. ஒன்று 'அல்-ஜபர்', மற்றொன்று 'அல்-முகாபலா'. சமன்பாட்டை மாற்றி அமைக்கும் கலை முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிவிடுகிறது.

ஜபர் என்றால் குறைந்ததை நிறைவாக்குதல். முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கும் அரபியர் அச்சொல்லையே வழங்கினர். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் ஏதேனும் கழிக்கப்பட்டிருந்தால், அதை இரு பக்கமும் கூட்டிக் குறையைப் போக்குவது ஜபர். முகாபலா என்றால் எதிரெதிரே நிறுத்துதல். ஒரே வகையான உறுப்பு இரு பக்கமும் இருந்தால், சிறியதை இரு பக்கமும் நீக்கி மீதியை மட்டும் வைத்துக்கொள்வது முகாபலா.

அவருடைய நூலில் உள்ள ஒரு கணக்கைக் கொண்டே இதைப் பார்க்கலாம். பத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் 58 வருகிறது. அப்பகுதிகள் எவை? ஒரு பகுதியைத் 'தெரியாத எண்' என்று கொண்டால், மற்றது பத்திலிருந்து அதைக் கழித்த மீதி. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டினால், 100-உடன் இரண்டு வர்க்கங்கள் சேர்ந்து, அதிலிருந்து தெரியாத எண்ணின் 20 மடங்கு கழிக்கப்பட்டு, 58-க்குச் சமமாக நிற்கும். கழிக்கப்பட்ட 20 மடங்கை இரு பக்கமும் கூட்டுவது ஜபர். இப்போது 100-உம் இரண்டு வர்க்கங்களும் ஒரு பக்கம். 58-உம் 20 மடங்கும் மறுபக்கம். எல்லாவற்றையும் பாதியாக்கினால், 50-உம் ஒரு வர்க்கமும் ஒரு பக்கம். 29-உம் 10 மடங்கும் மறுபக்கம். 29-ஐ இரு பக்கமும் நீக்குவது முகாபலா. ஒரு வர்க்கமும் 21-உம் சேர்ந்தால் பத்து மடங்குக்குச் சமம் என்ற எளிய வடிவம் கிடைத்துவிடுகிறது.

இனி விடை காண்பது கடினமன்று. பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதிலிருந்து 21-ஐக் கழித்தால் 4. அதன் வர்க்கமூலம் 2. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் 3, கூட்டினால் 7. அவ்விரண்டுமே நாம் தேடிய பகுதிகள். பாதியின் வர்க்கம் தனி எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் இத்தகைய கணக்குக்கு விடையே இல்லை என்பதையும் அவர் எச்சரித்திருக்கிறார். தன்மைகாட்டி என்ற பெயரில் நம் பிள்ளைகள் இன்று பத்தாம் வகுப்பில் படிப்பது இதைத்தான்.

இவ்வளவையும் அவர் சொற்களாலேயே எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. கூட்டல் குறியோ சமக்குறியோ, எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை இடும் வழக்கமோ அவரிடம் இல்லை. சமக்குறி 1557-இல்தான் பிறந்தது. தெரியாத எண்ணை அவர் 'பொருள்' என்றும் 'வேர்' என்றும் குறித்தார். நாம் மூலம் என்பதும் வேரைத்தானே? வர்க்கத்துக்கு அவர் இட்ட பெயர் 'மால்'. செல்வம் என்று அதற்குப் பொருள். தனி எண்களைத் திர்ஹம் என்ற நாணயத்தால் எண்ணினார். பொருளியல் படித்த எனக்கு, அவருடைய சமன்பாடுகள் ஒரு வணிகரின் கணக்கேடு போலவே தோன்றின.

சமன்பாடுகளை அவர் ஆறு வகைகளாகப் பிரித்தார். வர்க்கம், மூலம், தனி எண் ஆகிய மூன்றும் எந்தெந்த விதத்தில் ஒன்றுக்கொன்று சமமாக நிற்க முடியுமோ, அந்த ஆறு விதங்களும் அதில் அடங்கும். எந்தக் கணக்கு வந்தாலும் ஜபர், முகாபலா வழியாக அதை ஆறில் ஒன்றாக மாற்றிவிடலாம். பிறகு அவ்வகைக்குரிய விதியைப் பின்பற்றினால் போதும். இத்துடன் நிறுத்தியிருந்தால் அவரும் சூத்திரம் தந்த ஆசிரியர்களுள் ஒருவராகவே இருந்திருப்பார். விதியைச் சொன்ன கையோடு, அது ஏன் சரி என்பதற்குப் படம் வரைந்து காட்டினார். நான் என் மாணவிக்குத் தந்திருக்க வேண்டிய விடை அந்தப் படம்.

வாசகர்களும் ஒரு தாளை எடுத்து வரைந்து பார்க்கலாம். முதலில் ஒரு சதுரம். அதன் பக்கம்தான் நாம் தேடும் எண். எனவே அதன் பரப்பு அந்த எண்ணின் வர்க்கம். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, ஐந்து அகலமுள்ள இரு பட்டைகளாகச் சதுரத்தின் வலப்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றுமாக ஒட்டுங்கள். சதுரமும் பட்டைகளும் சேர்ந்த பரப்பு 39. ஆனால், உருவம் முழுமையாக இல்லை. வலது கீழ் மூலையில் ஒரு சிறு சதுரம் குறைகிறது. அதன் பக்கம் ஐந்து, பரப்பு 25. அதை நிரப்பினால் 39-உம் 25-உம் சேர்ந்து 64 பரப்புள்ள முழுச் சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 8. அதிலிருந்து பட்டையின் அகலமான 5-ஐ நீக்கினால் 3. அதுவே விடை.

பாதியாக்குவது ஏன், வர்க்கமாக்கிக் கூட்டுவது ஏன், கடைசியில் கழிப்பது ஏன் என்ற எல்லா வினாக்களுக்கும் அந்த ஒரு மூலை விடை சொல்லிவிடுகிறது. நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரம் முழுவதும் அந்த மூலையை நிரப்பும் செயலின் சுருக்கெழுத்தே. வர்க்கப் பூர்த்தி என்று பாடநூல் பெயர் சூட்டியிருப்பதன் பொருளும் அதுதான். இதை உணர்த்த ஐந்து நிமிடங்கள்கூடத் தேவையில்லை.

நூலின் மிக நீண்ட பகுதி வாரிசுரிமைக் கணக்குகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இஸ்லாமியச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மகளுக்குரியதைப் போல் மகனுக்கு இருமடங்கு. உயில் வழியே பிறருக்கு எழுதிவைப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இவற்றோடு கடனும் சேர்ந்துவிட்டால் கணக்கு சிக்கலாகும். ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மூத்தவரோ இளையவரோ, மகன்களில் ஒருவர் தந்தைக்குத் தர வேண்டிய கடன் 10 திர்ஹம். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியார் ஒருவருக்குத் தரும்படி உயில் சொல்கிறது. கடன்பட்ட மகனின் பங்கு, அவருடைய கடனிலிருந்தே கழிக்கப்பட வேண்டும். ஆனால், அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் கழிக்க முடியும். கழித்தால்தான் மொத்தச் சொத்து எவ்வளவு என்று தெரியும்.

அல்-குவாரிஸ்மி அந்தப் பங்கைத் 'தெரியாத பொருள்' என்று வைக்கிறார். மொத்தச் சொத்து, பத்தும் அந்தப் பொருளும். அதில் மூன்றில் ஒரு பங்கு வெளியாருக்கு. மீதி இரு மகன்களுக்கும் சமமாக. ஆக மூவருக்கும் கிடைப்பது ஒரே அளவு. கடன்பட்ட மகனின் பங்கே அந்தப் பொருள் என்பதால், பத்தும் ஒரு பொருளும் சேர்ந்தது மூன்று பொருளுக்குச் சமம். இரு பக்கமும் ஒரு பொருளை நீக்கினால், ஒரு பொருள் 5 திர்ஹம். ஆகவே கையிருப்பில் உள்ள பத்தை வெளியாரும் மற்ற மகனும் ஐந்து ஐந்தாகப் பெறுவர். கடன்பட்ட மகனுக்கு அவருடைய கடனில் ஐந்து கழிந்துவிடும். பாகப்பிரிவினைப் பேச்சுகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பங்கு குறைந்தது என்பதைவிட, எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பது விளங்காததே அங்கு மனக்கசப்பை வளர்க்கிறது.

இருபடிச் சமன்பாட்டுக்கு முதலில் விடை கண்டவர் அல்-குவாரிஸ்மி அல்லர். அவருக்கு 2,500 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர் களிமண் பலகைகளில் இத்தகைய கணக்குகளைத் தீர்த்திருக்கின்றனர். நம் நாட்டில் பிரம்மகுப்தர் 628-இல் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இதற்கான பொது விதியைத் தந்திருக்கிறார். பாக்தாதும் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது. எட்டாம் நூற்றாண்டின் எழுபதுகளில் அல்-மன்சூரின் அவைக்கு இந்திய வானியல் நூல் ஒன்று சென்று சேர்ந்து, அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. அந்த மரபைத் தழுவி அல்-குவாரிஸ்மி வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார். சுழியம் உள்ளிட்ட இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைத் தனி நூலாக எழுதினார். அது இந்தியரின் கணக்கு என்பதை மறைக்கவில்லை.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. பிரம்மகுப்தர் நேர்மறை எண்ணைச் செல்வம் என்றும் எதிர்மறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு, இரண்டுக்கும் விதிகள் வகுத்தவர். அல்-குவாரிஸ்மி எதிர்மறை எண்ணை விடையாக ஏற்கவில்லை. 39 கணக்குக்கு 3 மட்டுமே அவர் தந்த விடை. கழித்தல் 13 அவர் நூலில் இல்லை. உயில் கணக்கில் மகனின் கடனை அவ்வளவு நுட்பமாகக் கையாண்டவர், கடனை ஓர் எண்ணாக ஏற்றிருந்தால் ஆறு வகைகளும் ஒன்றாக இணைந்திருக்கும். பரப்பளவைப் படமாகக் கண்ட மனத்துக்குக் கழித்தல் 13 பக்கமுள்ள சதுரம் தென்பட வாய்ப்பில்லைதான். அவருடைய வலிமையே அவருடைய எல்லையாகவும் அமைந்தது.

கணிதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தாலமியின் நிலநூலைத் திருத்தி, ஏறத்தாழ 2,400 இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை 833-இல் பட்டியலிட்டார். யூதர்களின் நாள்காட்டி குறித்து ஒரு நூல் செய்தார். 850-ஐ ஒட்டி அவர் மறைந்தார்.

அவருடைய நூல்கள் மூன்று நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பாவை அடைந்தன. செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட், 1145-இல் ஸ்பெயினின் செகோவியா நகரில் சமன்பாட்டு நூலை லத்தீனில் பெயர்த்தார். அல்-ஜபர் என்ற சொல் அல்ஜீப்ரா ஆயிற்று. இந்திய எண்கள் பற்றிய நூலின் அரபு மூலம் அழிந்துபோனாலும் அதன் லத்தீன் வடிவம் பிழைத்தது. அதில் அவருடைய பெயர் அல்கோரித்மி என்று திரிந்து, காலப்போக்கில் கணக்கிடும் வழிமுறைக்கே பெயராகிவிட்டது. நாம் நாள்தோறும் கேட்கும் அல்காரிதம் என்ற சொல் அதுதான். 1983-இல் சோவியத் ஒன்றியம் அவருடைய 1,200-ஆவது பிறந்த ஆண்டை நினைவுகூர்ந்து அஞ்சல்தலை வெளியிட்டது.

இன்று ஒருவருக்கு வங்கிக் கடன் கிடைக்குமா, வேலைக்கான விண்ணப்பம் அடுத்த கட்டத்துக்குச் செல்லுமா என்பன போன்றவற்றில் அல்காரிதங்களுக்குப் பங்கு இருக்கிறது. கடன் மறுக்கப்பட்டவர் காரணம் கேட்டால், கணினி அப்படிச் சொல்லிவிட்டது என்பதற்கு மேல் விளக்கம் கிடைப்பது அரிது. தேர்வுக்குச் சூத்திரம் போதும் என்று நான் சொன்னதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எவருடைய பெயரை அந்த வழிமுறைகள் தாங்கியுள்ளனவோ, அவர் தம் விதிகளைக் காரணத்தோடு எழுதியவர். பாதிக்கப்படுபவரும் கணக்கைப் பின்தொடர்ந்து சரிபார்க்க முடிந்தால்தான் அது நியாயமான கணக்கு. நம் வகுப்பறைகளும் வங்கிகளும் அவரிடமிருந்து முதலில் கற்க வேண்டியது இதையே.

அந்த மாணவிக்கு இப்போது நாற்பது வயது கடந்திருக்கும். அவருடைய பிள்ளைகள்கூடப் பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு படித்துக்கொண்டிருக்கலாம். இக்கட்டுரை அவர் கண்ணில் பட்டால், ஒரு சதுரத்தை வரைந்து, இரு பட்டைகளை ஒட்டி, மூலையை நிரப்பிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன். அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை அது.